பச்சை உறையும் இரட்டைத் தாளும்: ஒரு திருமண அழைப்பிதழ்த் தொகுப்பு உருவான விதம்

திருமண அழைப்பிதழ் வடிவமைப்பாளர் என்றால் நாள் முழுவதும் பூவும் கொடியும் வரைந்துகொண்டிருப்பவர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆர்டரில் முதல் சந்திப்புக்கும் திருமணத்துக்கும் இடையே ஏறத்தாழ ஏழு மாதங்கள் இருந்தன. அவற்றில் தூரிகை நனைந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு வாரம்கூடத் தேறாது. எஞ்சிய காலமெல்லாம், மணமக்கள் கேட்டவற்றுள் எதை எந்தத் தாளிடமும் எந்த அச்சுமுறையிடமும் ஒப்படைப்பது என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் கழிந்தது. இந்தத் தொழிலில் படைப்புத் திறன் மிகுதியும் வெளிப்படும் இடம் இந்தப் பங்கீடுதான் என்பது என் கருத்து.

வடிவமைப்பாளர் ஓர் அறையில் தனியாகத் தொழில் நடத்துபவர். கணினி, ஸ்கேனர், ஒரு சிறிய பிரிண்டர், வெட்டும் பலகை, தாள் மாதிரிகள் அடங்கிய இழுப்பறைகள் ஆகியவை அவரிடம் உண்டு; அச்சு இயந்திரம் கிடையாது. மேடான எழுத்தைத் தாளில் அழுத்திப் பதிக்கும் லெட்டர்பிரஸ் வேலைக்கு ஓர் அச்சகம், டிஜிட்டல் அச்சுக்கு மற்றோர் அச்சகம், மின்னும் படலத்தை ஒட்டும் ஃபாயில் வேலைக்கு மூன்றாவது ஆள் என்று மூன்று கைகளை ஒருங்கிணைத்தே அவர் ஒரு தொகுப்பை முடித்துக் கொடுக்கிறார். இந்த ஆர்டரில் கேட்கப்பட்டவை அழைப்பிதழ், பயண விவரங்கள் அடங்கிய விவர அட்டை, தனிச் சிற்றுறையுடன் கூடிய பதில் அட்டை, வெளியுறை, திருமண நாளன்று மண்டபத்தில் வைக்க வேண்டிய மேசை எண்கள், இருக்கைப் பட்டியல் ஆகியவை.

கேட்டதும் கொடுக்கக்கூடியதும்

முதல் சந்திப்புக்கு மணமக்கள் கைப்பேசி நிறையப் படங்களுடன் வந்தார்கள். கரும்பச்சை உறை வேண்டும், அதன்மேல் தங்க எழுத்து மின்ன வேண்டும், நீர்வண்ணத்தில் இலைகள் படர்ந்திருக்க வேண்டும், விரலால் தடவினால் எழுத்து தாளில் குழிந்திருப்பது தெரிய வேண்டும், தமிழும் ஆங்கிலமும் சம இடம் பெற வேண்டும் என்பவை அவர்களுடைய விருப்பங்கள். இவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியே எளிது. ஆனால் அவர்கள் காட்டிய படங்கள் வெவ்வேறு அட்டைகளின் படங்கள். எல்லாவற்றையும் ஒரே அட்டையில் வைக்க முயன்றால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

காரணம் அச்சுமுறைகளின் இயல்பில் இருக்கிறது. லெட்டர்பிரஸ்ஸில் மேடான பரப்பில் மை தடவித் தாளின்மேல் அழுத்துகிறார்கள். மை ஓரிடத்தில் விழும் அல்லது விழாது. நடுவில் மங்கலான நிலை கிடையாது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி ப்ளேட் (அச்சுத் தகடு), தனி ஓட்டம். நீர்வண்ண ஓவியமோ முழுக்க முழுக்க மங்கலாலும் கசிவாலும் ஆனது. அதை டிஜிட்டலில் அச்சிடலாம் என்றால், எழுத்து ஆழமாகக் குழிவதற்கு வேண்டிய தடித்த பருத்தித் தாள் பெரும்பாலான டிஜிட்டல் இயந்திரங்களில் நுழையாது. நுழைந்தாலும் டிஜிட்டல் அச்சின் பொடி மையான டோனரின் மினுமினுப்பு பருத்தித் தாளின் மந்தமான பரப்பில் ஒட்டவைத்தது போலத் தெரியும். தங்கத்தின் கதை வேறு. லெட்டர்பிரஸ் மை ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. கரும்பச்சைத் தாளின்மேல் வெளிர் மையை எத்தனை முறை ஓட்டினாலும் பச்சை அதை விழுங்கிவிடும். அங்கே நிற்கக்கூடியது ஃபாயில்தான், ஏனெனில் அது மையன்று. சூடேற்றிய உலோக டையின் (வாசகம் செதுக்கிய அச்சின்) அழுத்தத்தில் தாளோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய படலம். ஆனால் ஒவ்வொரு டையும் ஒரே வாசகத்தைத்தான் பதிக்கும். விருந்தினருக்கு விருந்தினர் மாறும் முகவரிகளை அதில் அச்சிட வழியில்லை.

வடிவமைப்பாளர் அன்று எதையும் மறுக்கவில்லை, எதற்கும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. மாதிரி இழுப்பறையைத் திறந்து, குழிந்த எழுத்துள்ள பழைய அட்டை ஒன்றையும் டிஜிட்டலில் அச்சிட்ட இலைப் படம் ஒன்றையும் மணமக்கள் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். திரையில் பார்த்து ஆசைப்பட்டதைக் கையில் தொட்டுப் பார்த்தபின் பேசுவது எப்போதும் எளிது. அடுத்த வாரம் அவர் அனுப்பிய திட்டத்தில் எந்த விருப்பமும் கைவிடப்படவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. குழிந்த எழுத்து அழைப்பிதழுக்குப் போயிற்று. இலைகள் உறையின் உட்புறம் ஒட்டும் லைனர் தாளுக்குப் போயின. தங்கம் உறையின் மடிப்பில் வரும் அனுப்புநர் முகவரிக்கு ஒதுக்கப்பட்டது. எல்லா உறைகளிலும் அது ஒன்றே என்பதால் ஒரே டை போதும்.

இந்தப் பங்கீட்டில் மற்றொரு நன்மையும் இருந்தது. உறை கைக்கு வரும்போது பச்சையும் தங்கமும்; மடிப்பைத் திறந்ததும் இலைகள்; உள்ளிருந்து உருவியதும் வண்ணமே இல்லாத வெளிர் அட்டையில் குழிந்த எழுத்துகள். எல்லாவற்றையும் ஒரே அட்டையில் திணித்திருந்தால் பார்ப்பவர் கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் அலைந்திருக்கும்.

குழிந்த எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஈய எழுத்துகளைக் கோத்துப் புத்தகம் அச்சிட்ட காலத்தில் தாளின் பின்புறம் புடைக்கும்படி அழுத்துவது அச்சுக்காரரின் கவனக்குறைவு. எழுத்து தாளை முத்தமிட்டு விலகுவது போல மெலிதாகப் பட வேண்டும் என்பதே அன்றைய தொழில் நியதி. இரு பக்கமும் அச்சிட வேண்டிய தாளில் பள்ளம் விழுந்தால் மறுபக்கம் படிக்க முடியாது. தாளில் பள்ளம் விழாத ஆஃப்செட் அச்சுமுறை வந்து அன்றாட அச்சு வேலையை எடுத்துக்கொண்டபின், லெட்டர்பிரஸ்ஸை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாக அந்தப் பள்ளமே விலைபோகிறது. காலால் மிதித்து ஓட்டும் பழைய ட்ரெடில் இயந்திரத்தில் கைதேர்ந்தவர்களிடம் இன்னும் ஆழமாக அழுத்துங்கள் என்று கேட்டால் அவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

இரண்டு மொழி, ஒரே அட்டை

இந்த ஆர்டரின் உண்மையான சிக்கல் மொழியில் இருந்தது. ஒரு வீட்டார் தமிழில்தான் படிப்பார்கள். மற்றொரு வீட்டாரின் நண்பர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. ஒரே பக்கத்தில் இரண்டு மொழிகளையும் வைத்தால் 127 × 178 மில்லிமீட்டர் அட்டை நோட்டீஸ் ஆகிவிடும். மொழிக்கொரு அட்டை அச்சிட்டால் யாருக்கு எது என்று பிரிக்கும் வேலை கூடும். ஒரே வீட்டில் இரண்டும் தேவைப்படும் குடும்பங்களும் இருந்தன. ஒரே தாளின் இரு பக்கமும் ஆழமாக அழுத்தினால் பழைய அச்சுக்காரர்கள் அஞ்சிய அதே கேடு வரும்.

வடிவமைப்பாளர் கண்ட தீர்வு இரட்டைத் தாள். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளில் தமிழைத் தனியாகவும் ஆங்கிலத்தைத் தனியாகவும் அச்சிட்டு, இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டி, அதன்பின் அளவுக்கு வெட்டுவது. ஒட்டியபின் கிடைப்பது 600 ஜி.எஸ்.எம். அட்டை, ஒவ்வொரு தாளின் புடைப்பும் ஒட்டும் பசையின் பக்கம் அமுங்கிவிடுவதால் இரு முகமும் சுத்தமாக இருக்கும். தடித்த அட்டை என்ற ஆடம்பரம் மொழிச் சிக்கலின் விடையாக வந்து சேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது தாளின் இழையோட்டம். ஆலையில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுக்கின்றன. ஈரம் பட்டால் தாள் அந்த இழைக்குக் குறுக்கே அதிகமாக விரியும். இரண்டு தாள்களின் இழையும் ஒரே திசையில் இல்லாவிட்டால் ஒட்டிய அட்டை சில நாளில் வில்லாக வளையும். ஆகவே இரண்டையும் ஒரே திசையில் வெட்டி அனுப்பும்படி தாள் ஆர்டரிலேயே எழுதிக் கொடுத்தார்.

எழுத்துருத் தேர்வில்தான் அவர் அதிக நேரம் செலவிட்டார். ஆங்கிலப் பக்கத்துக்கு எல்லாரும் செய்வதுபோல் பெயர்களைப் பெரிய எழுத்துகளில் வைத்து இடைவெளி விட்டுப் பரப்பலாம். அதே இடைவெளியைத் தமிழுக்குக் கொடுத்தால் சில மென்பொருள்கள் ‘கொ’ என்ற எழுத்தின் ஒற்றைக்கொம்பையும் ககரத்தையும் துணைக்காலையும் மூன்று தனி எழுத்துகளாக எண்ணி விலக்கிவைக்கும், பெயர் சிதறிப்போகும். தமிழ்ப் பக்கத்தில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டாமல், வரிகளுக்கு நடுவே கூட்டினார். மேலே விலங்கும் கீழே உகரச் சுழியும் தொங்கும் எழுத்துகளுக்கு ஆங்கிலத்தைவிட வரி இடைவெளி கூடுதலாகவே வேண்டும்.

அச்சுமுறையும் எழுத்துருவைக் கட்டுப்படுத்தியது. லெட்டர்பிரஸ்ஸுக்கு இப்போது பயன்படுவது பாலிமர் ப்ளேட். புற ஊதா ஒளி பட்ட இடம் இறுகி நிற்கும், படாத இடம் நீரில் கழுவிப் போய்விடும். கால் புள்ளிக்கும் (எழுத்தளவில் ஒரு புள்ளி என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு) மெலிதான கோடுகள் அந்தக் கழுவலில் தாங்குவது அரிது. தடிப்பும் மெலிவுமாக மாறும் அலங்கார எழுத்துருக்கள் திரையில் மயக்கினாலும் ப்ளேட்டில் மெலிந்த இடத்தில் அறுந்துபோகும். மறுபுறம், ண, ஞ, இ, ஐ போன்ற எழுத்துகளின் சுழிகளும் உள்வெளிகளும் சிறிய அளவில் மை நிரம்பி அடைபட்டுவிடும். மெலிவும் கூடாது, இறுக்கமும் கூடாது என்றபின் மிஞ்சுபவை ஏறத்தாழ ஒரே தடிப்பில் ஓடும், உள்வெளி அகன்ற எழுத்துருக்கள்தான். தமிழ்ப் பக்கத்தின் மிகச் சிறிய எழுத்தை 11 புள்ளிக்குக் கீழே இறக்குவதில்லை என்று முடிவு செய்தார். ஆங்கிலப் பக்கத்தில் 9 புள்ளி போதுமானதாக இருந்தது. இரு பக்கங்களும் ஒரே அடர்த்தியாகத் தெரிய வேண்டுமானால் அளவுகள் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது பழகியவர்களுக்குத் தெரியும்.

வாசகம் வந்து சேர்ந்த விதமும் சொல்லத்தக்கது. ஒரு வீட்டார் கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். மற்றவர்கள் அனுப்பிய கோப்பு பழைய குறியாக்கத்தில் அமைந்த எழுத்துருவில் இருந்தது. நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்து விழுந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியாக்கமான யூனிகோடின் 1991-ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும் பழைய எழுத்துருக் கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. மாற்றிகளின் மூலம் மாற்றியபின் ஒவ்வொரு சொல்லையும் மூலத்துடன் ஒப்பிட்டே ஏற்க வேண்டும். வடிவமைப்பு மென்பொருளிலும் இந்திய எழுத்துகளுக்கான கம்போசரை (எழுத்துகளை வரிசைப்படுத்திக் கோக்கும் அமைப்பை) தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு தன் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அச்சகத்துக் கணினியில் இதெல்லாம் எப்படி இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது என்பதால், இறுதிக் கோப்பில் எழுத்துகளையெல்லாம் வெறும் உருக்கோடுகளாக மாற்றியே அனுப்பினார். அப்படி மாற்றியபின் எழுத்துப் பிழையைத் திருத்த இயலாது. ஆகவே மாற்றுவதற்கு முந்திய கோப்பைத் தனியே வைத்துக்கொள்வது கட்டாயம்.

ஒரு நாள் எப்படிப் போகிறது

இந்த ஒரே ஆர்டர் மட்டும் அவர் மேசையில் இருக்கவில்லை. ஒருவருக்கு முதல் மாதிரி, ஒருவருக்கு மெய்ப்பு (பிழை பார்க்கும் படி), ஒருவருக்கு இருக்கைப் பட்டியல் என்று பல நிலைகளில் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். சுவரில் ஒட்டிய அட்டவணையில் ஒவ்வொரு திருமண நாளிலிருந்தும் பின்னோக்கி எண்ணி நாள்கள் குறிக்கப்பட்டிருந்தன: அழைப்பிதழ் விருந்தினர் கையில் சேர திருமணத்துக்கு எட்டு வாரம் முன்பு, பதில் அட்டைகள் திரும்பிவர நான்கு வாரம் முன்பு. அச்சு, ஒட்டல், வெட்டல், உறையிடல் ஆகியவற்றுக்கு அதற்கும் முன்னால் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டும். ஏழு மாதம் என்பது கேட்பதற்குத் தாராளமாக இருந்தாலும் இப்படிக் கழித்துப் பார்த்தால் வடிவமைப்புக்குக் கிடைப்பது சொற்பமே.

வண்ணம் சார்ந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது அவர் வழக்கம். பகலொளியில் பச்சையாகத் தெரிவது இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் பழுப்பாகத் தெரியும். அச்சுத் துறையில் வண்ணத்தை ஒப்பிட பகலொளியை ஒத்த 5000 கெல்வின் ஒளியை நியமமாக வைத்திருப்பதும் இதற்காகத்தான். உச்சிப்பொழுது அச்சகங்களுக்கு. மணமக்கள் பேசக் கிடைப்பது அவர்கள் வேலை முடிந்த மாலையில்தான்; ஆகவே தொலைபேசி உரையாடல்களும் திருத்தங்களும் மாலைக்குத் தள்ளப்படும். அந்த உரையாடல்களில் பாதி வடிவமைப்பைப் பற்றியதே அல்ல. யார் பெயர் முதலில், எந்தப் பெற்றோரின் பெயர் எந்த வரியில், இறந்தவர் பெயரை எப்படிக் குறிப்பது என்ற கேள்விகள் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே கிடப்பவை. வடிவமைப்பாளர் அவற்றில் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒவ்வொரு வாய்ப்பையும் அட்டையில் வைத்து அச்சிட்டுக் காட்டுவார். வாதம் செய்துகொண்டிருந்தவர்கள் தாளில் பார்த்ததும் பெரும்பாலும் தாமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். திரையில் மட்டும் காட்டியிருந்தால் அந்த வாதம் இன்னும் சில வாரம் ஓடியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இலைகளை வரைந்தது இப்படிப்பட்ட காலை நேரங்களில். சொரசொரப்பான நீர்வண்ணத் தாளில் வரைந்தால் அதன் மேடுபள்ளங்கள் ஸ்கேனில் சாம்பல் நிழலாக விழும் என்பதால் வழவழப்பான தாளை எடுத்துக்கொண்டார். அச்சில் வரும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து 600 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்தார். உறை திறந்திருக்கும்போது லைனரில் கண்ணுக்குத் தெரிவது மடிப்பின் முக்கோண வடிவமும் அதன் கீழ் ஒரு சிறு பட்டையும் மட்டுமே. மற்ற பகுதியை அட்டை மறைத்துவிடும். ஆகவே முழு ஓவியமொன்றை வரைந்து அதிலிருந்து வெட்டாமல், கொடி மடிப்பின் முனையிலிருந்து இரு பக்கமும் இறங்கும்படி அந்த முக்கோணத்துக்கென்றே வரைந்தார். பசை தடவும் ஓரத்தில் எதுவும் வராமலிருக்க இடமும் விட்டார். நான்கு வண்ண அச்சில் பளிச்சென்ற பச்சைகள் மங்கிவிடும்; முதல் மாதிரி சோர்ந்து வந்ததும் இலைகளின் நிழல் பகுதியில் நீலத்தைக் குறைத்துச் சற்று வெதுவெதுப்பாக மாற்றியபின்தான் ஓவியம் தேறியது.

மாறக்கூடியதும் மாறாததும்

மெய்ப்பு நிலையில் வடிவமைப்பாளர் வைத்த ஒழுங்கு இந்த ஆர்டரைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். வாசகத்தில் உள்ள தகவல்களை அவர் இரண்டாகப் பிரித்திருந்தார். பெயர்கள், தேதி, நேரம், இடம் ஆகியவை மாறாதவை. அவை ப்ளேட்டுக்குப் போயின. பேருந்து புறப்படும் நேரம், தங்குமிடம், வரும் வழி, தொடர்புகொள்ள வேண்டியவர் ஆகியவை மாறக்கூடியவை; அவை டிஜிட்டலில் அச்சிடும் விவர அட்டைக்குப் போயின. விவர அட்டையை எல்லாவற்றுக்கும் கடைசியில் அச்சிடுவது என்றும் தீர்மானித்தார். அழைப்பிதழ் அச்சாகிக்கொண்டிருந்தபோது தங்குமிடம் மாறிற்று. அதனால் பேருந்து நேரமும் மாறிற்று. கோப்பில் இரண்டு வரிகளைத் திருத்தியதோடு விஷயம் முடிந்தது. அதே வரிகள் பாலிமர் ப்ளேட்டில் இருந்திருந்தால் புது ப்ளேட்டும் புதுத் தாளும் ஒரு வாரமும் போயிருக்கும்.

விவர அட்டையில் ஒரு கியூஆர் குறியும் இருந்தது. டென்ஸோ நிறுவனம் 1994-இல் தொழிற்சாலை உதிரிபாகங்களைக் கணக்கிடுவதற்காக உருவாக்கிய இந்தக் குறி, அழைப்பிதழ்த் தொழிலுக்குப் பெரிய வசதி. ஆனால் அலங்காரத்துக்கு ஒத்துவராது. மணமக்கள் அதைத் தங்க ஃபாயிலில் கேட்டார்கள். ஃபாயில் ஒளியைத் திருப்பியடிப்பதால் கேமரா ஒரு கோணத்தில் அதைக் கறுப்பாகவும் மறு கோணத்தில் வெள்ளையாகவும் பார்க்கும், குறி படிக்கப்படாது. வெளிர் தாளில் கரும்பச்சையில், சுற்றிலும் நான்கு கட்டம் அகல வெற்றிடம் விட்டு அச்சிடுவதே பாதுகாப்பு. இணைய முகவரியைச் சுருக்கினால் கட்டங்கள் குறைந்து ஒவ்வொன்றும் பெரிதாகும் என்பதால் குறுமுகவரியையே பயன்படுத்தினார். பார்வை குறைந்த முதியவர்களுக்கும் கைப்பேசி பிடிக்காதவர்களுக்கும் பதில் அட்டை இருந்தது. அவற்றில் பெயர் எழுத மறந்து அனுப்புபவர்கள் எப்போதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பதில் அட்டையின் பின்புறமும் விருந்தினர் பட்டியலின் வரிசை எண்ணைப் பென்சிலால் மெலிதாகக் குறித்துவைத்தார்கள்.

மெய்ப்பைப் பார்த்தவர்கள் நால்வர். தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியை வைத்துப் பார்ப்பது, தமிழ்ப் பக்கத்து நேரமும் ஆங்கிலப் பக்கத்து நேரமும் ஒன்றா என்று ஒப்பிடுவது, பெயர்களில் ரகர றகரமும் ணகர னகரமும் உரியவர் எழுதும்படி இருக்கின்றனவா என்று அவரவரிடமே கேட்பது ஆகியவை அவர்கள் வேலை. வாசகத்தை முன்பு பார்த்திராத ஒருவர் அதை வாய்விட்டு வாசித்தார். நாள்கணக்காகப் பார்த்த கண்ணுக்குப் பிழை தெரியாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் எழுத்தில் ஒப்புதல் தந்தபின்தான் ப்ளேட்டுக்கு அனுப்பினார்.

இயந்திரத்தருகே

அச்சு நாளன்று வடிவமைப்பாளர் அச்சகத்தில் இருந்தார். பச்சை மையை, வண்ணங்களுக்கு எண் கொடுத்து வரையறுக்கும் பான்டோன் முறையின் கலவைக் குறிப்பின்படி எடைபோட்டுக் கலந்திருந்தார்கள். கோட்டிங் இல்லாத தாளுக்குரிய வண்ண மாதிரியைத்தான் ஒப்பிட்டார்கள், ஏனெனில் ஒரே மை வழவழப்பான தாளில் ஒரு விதமாகவும் பருத்தித் தாளில் வேறு விதமாகவும் தெரியும். ஈரமாக இருக்கும்போது அடர்ந்து தெரிந்த பச்சை உலர்ந்ததும் ஒரு படி வெளிறியது. முதல் சில தாள்களில் தமிழ்ப் பக்கத்தில் ணகரத்தின் சுழி அடைபட்டு ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. அழுத்தத்தைக் குறைப்பது ஒரு வழி. ஆனால் குழிவுக்காகத்தானே இந்த முறையே தேர்ந்தெடுக்கப்பட்டது. அச்சுக்காரர் அழுத்தத்தைத் தொடாமல் மையை இரண்டு படி குறைத்து, உருளைகளின் உயரத்தைச் சற்று ஏற்றினார். ப்ளேட்டின் விளிம்பில் வழிந்த மை நின்றது, சுழி திறந்துகொண்டது. பச்சை சிறிது வெளிறியதை வடிவமைப்பாளர் ஏற்றுக்கொண்டார். படிக்க முடியாத பெயரைவிட ஒரு நூல் வெளிறிய பச்சை மேல் என்ற அவர் கணக்கு சரியானது.

தேவை 150 அட்டைகள் என்றாலும் பக்கத்துக்கு 190 தாள்கள் ஓட்டினார்கள். இரண்டு முறை அச்சு, ஒட்டல், வெட்டல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் சில தாள் கழிவது உறுதி. ஒட்டிய அட்டைகளைப் பலகைக்கு அடியில் பாரம் ஏற்றி முழுதாக உலரவிட்டபின்தான் கத்திக்குக் கொண்டுபோனார்கள்.

உறைகளைப் பற்றிய கணக்கு வேறு விதமாகத் திருந்தியது. மணமக்கள் முதலில் 240 தொகுப்புகள் கேட்டார்கள். அது ஆட்களின் எண்ணிக்கை. அழைப்பிதழ் போவது வீட்டுக்கு. வீட்டுக்கொரு வரி என்று பட்டியலை மாற்றியமைத்ததும் 131 வரிகள்தான் வந்தன. உறையில் எழுத வேண்டிய பெயரைத் தமிழில் ஒரு பத்தியிலும் ஆங்கிலத்தில் ஒரு பத்தியிலும் அவர்களையே நிரப்பச் சொன்னார். ஒலிபெயர்ப்பை வடிவமைப்பாளர் தாமே செய்யப் போனால் ஒருவருடைய பெயரை அவர் எழுதாத விதமாக எழுத நேரும். நேரில் கொடுக்கும் உறைகளில் அடித்தாளை மறைக்கும் நீர்வண்ணமான வெள்ளைக் கோவாஷைக் கரைத்துத் தொட்டெழுதும் நிப்பால் பெயர்களை எழுதினார். அஞ்சலில் போகும் உறைகளுக்கு அது உதவாது. முகவரி படிக்கும் இயந்திரங்கள் வெளிர் தாளில் கரிய எழுத்தை எதிர்பார்ப்பவை. கரும்பச்சையில் வெள்ளை எழுத்து அவற்றைத் தடுமாறச் செய்யும். ஆகவே அவற்றுக்கு வெளிர்த் தாளில் கரும்பச்சையில் அச்சிட்ட முகவரிப் பட்டை ஒட்டப்பட்டது. மெழுகு முத்திரை வேண்டும் என்ற ஆசையும் இடையில் எழுந்தது. நேரில் கொடுக்கும் உறைகளில் மட்டும் அது நிறைவேறியது.

முழுத் தொகுப்பையும் ஒன்று சேர்த்து எடை பார்ப்பதை அவர் மாதிரி நிலையிலேயே செய்துவிட்டார். 600 ஜி.எஸ்.எம். அட்டை மட்டும் பசை நீங்கலாக 13.6 கிராம், உறை, லைனர், மற்ற அட்டைகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 35 கிராம். அஞ்சல் கட்டணம் எடைப் படிகளில் ஏறும் இடங்களில் ஓரிரு கிராம் கூடினாலும் ஒவ்வோர் உறைக்கும் அடுத்த படிக்குரிய கட்டணம் விழும். விவர அட்டையையும் பதில் அட்டையையும் 350-லிருந்து 300 ஜி.எஸ்.எம்.-க்கு இறக்கியது இந்த எடையைப் பார்த்தபின்தான்.

திருமணத்துக்கு முந்திய வாரத்து வேலையில் அழகுக்கு அதிக இடமில்லை. இருக்கைப் பட்டியலை மேசைவாரியாக அச்சிட மணமக்கள் விரும்பினார்கள். தன் மேசை எதுவென்று தெரியாமல் வருபவர் எல்லா மேசைகளையும் படித்தாக வேண்டும் என்று காட்டியதும் அகரவரிசைக்கு ஒப்புக்கொண்டார்கள். தமிழில் ஒரு பட்டியல், ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் என்று இரு பலகைகள் வைக்கப்பட்டன. கடைசி நேரத்தில் வருவோருக்காக அதே தாளில் வெற்று அட்டைகள் சிலவும், அதே பச்சையில் ஒரு பேனாவும் கட்டோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டன. நான்கு அட்டைகள் பயன்பட்டன.

பாலிமர் ப்ளேட்டுகள் ஒளி பட்டால் மேலும் இறுகி, வறண்ட காற்றில் சுருண்டுவிடும் என்பதால், காற்றுப் புகாத கறுப்புப் பையில் அச்சகத்திலேயே பத்திரப்படுத்தப்பட்டன. நன்றி அட்டைகளுக்கு மணமக்களின் பெயர் மட்டும் போதும் என்பதால், தமிழ்ப் பக்கத்து ப்ளேட்டிலிருந்து அந்த இரண்டு வரிகளை வெட்டியெடுத்து, மீந்திருந்த 300 ஜி.எஸ்.எம். தாளில், அதே கலவைக் குறிப்பில் மை கலந்து அடுத்த மாதம் அச்சிட்டுக் கொடுத்தார்கள்.